யாருடைய வார்டில் பிறந்த சான்று?

(மருத்துவ மாணவர்களும் செவிலியர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அரங்கில் அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



முன்வரிசையில் மாணவர்கள் இருக்கிறீர்கள். அடுத்து செவிலியர்கள். அதற்குப் பின்னால், மருத்துவம் படிக்காத, ஆனால் என்றாவது ஒரு நாள் யாரையாவது தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடிவரக்கூடிய தாய்மார்களும் பெரியவர்களும் அமர்ந்திருக்கிறீர்கள். மூன்று தரப்பாருக்கும் சேர்த்தே பேச நினைக்கிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு மருந்தை ஏன் போடுகிறோம், ஏன் போடாமல் விடுகிறோம், அந்த முடிவு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

பாம்புக்கடியிலிருந்து தொடங்குகிறேன்.

இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிடுகிறது. தாலுகா மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். டூட்டி டாக்டர் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைக்கிறார். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்கிறார். ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். விஷமுறி மருந்தை, அதாவது நாங்கள் ஏ.எஸ்.வி. என்று சொல்வதை, உடனே ஏற்ற வேண்டும்.

அது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் மருந்து. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. உடம்பு தடிக்கும், நடுக்கம் எடுக்கும், மூச்சு இரைக்கும், சிலருக்கு ரத்த அழுத்தமே சரிந்துவிடும். அதனால் ஏ.எஸ்.வி. ஏற்றுவதற்கு முன்னால் ஓர் ஆம்பூல் ஏவில், ஒரு குப்பி ஹைட்ரோகார்டிசோன் போடுவது பல இடங்களில் வழக்கம். டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பே ஸ்டாஃப் நர்ஸ் இரண்டையும் சிரிஞ்சில் எடுத்துத் தட்டில் வைத்திருப்பார். அந்த அளவுக்குக் கையில் ஊறிய பழக்கம் அது.

இந்தப் பழக்கத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் இலங்கை மருத்துவர்கள். களனிப் பல்கலைக்கழகத்தின் அசித டி சில்வாவும் அவருடைய குழுவினரும் பாம்பு கடித்து வந்த 1,007 பேரிடம் நடத்திய ஆய்வு 2011-ல் வெளிவந்தது. அட்ரினலின், ஹைட்ரோகார்டிசோன், ஏவிலின் இனத்தைச் சேர்ந்த புரோமெத்தசின் ஆகிய மூன்றையும் தனியாகவும், சேர்த்தும், எதுவுமே இல்லாமலும் கொடுத்து ஒப்பிட்டார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. கொடுப்பவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. முடிவு என்ன தெரியுமா? தோலுக்கடியில் போட்ட கால் மில்லி அட்ரினலின், முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமையை 43% குறைத்தது. ஹைட்ரோகார்டிசோனும் புரோமெத்தசினும் எதையும் குறைக்கவில்லை. அட்ரினலினோடு ஹைட்ரோகார்டிசோனையும் சேர்த்துக் கொடுத்தபோது, அட்ரினலினால் கிடைத்த நன்மையும் போய்விட்டது.

இந்த ஆய்வு வெளிவந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இன்றும் எத்தனையோ இடங்களில் தட்டில் அதே இரண்டு சிரிஞ்சுகள்தான் இருக்கின்றன. சோம்பல் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ரத்தம் உறையாத நோயாளிக்கு அட்ரினலின் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஏறி மூளையில் கசிவு வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்த 1,007 பேரில் இந்தச் சிறிய அளவு பாதுகாப்பானதாகவே இருந்தது. இன்னொரு பக்கம், நம்முடைய பாடப்புத்தகங்களின் பார்வை லண்டன் பக்கமும் பாஸ்டன் பக்கமும் திரும்பியிருக்கிறது. அங்கே பாம்புக்கடி வார்டு என்ற ஒன்றே கிடையாது. நமக்கு மிகவும் பக்கத்தில் பிறந்த சான்று நம் கண்ணில் கடைசியாகத்தான் படுகிறது.

எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. இந்தியாவில் விஷமுறி தயாரிக்கத் தேவையான நஞ்சில் பெரும்பகுதியை நீண்ட காலமாகக் கொடுத்துவருவது அந்தச் சங்கம்தான். இலங்கை மருத்துவமனைகளில் ஏற்றப்படுவதும் இந்தியாவில் தயாரான விஷமுறியே. அப்படியானால் அந்த ஆய்வில் சோதிக்கப்பட்டது நம் அலமாரியில் இருக்கிற அதே வகை மருந்து. வார்டும் ஏறத்தாழ நம் வார்டு மாதிரியே. அங்கு கிடைத்த விடையை நாம் எடுத்துக்கொள்ளத் தயங்க வேண்டிய காரணம் மிகக் குறைவு.

மாணவர்களே, ஓர் ஆய்வை எடுத்ததும் முடிவுரைக்குத் தாவாதீர்கள். முதலில் கேட்க வேண்டியது ஒன்று: இது யாருடைய வார்டில் பிறந்தது? அங்கே நோயாளி எந்த நிலையில் வந்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன கருவி இருந்தது, யாரை ஆய்வில் சேர்க்காமல் விட்டார்கள்? பிறகு நிமிர்ந்து உங்கள் வார்டைப் பாருங்கள். இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இன்று முழுக்கப் பேசப்போகிறேன்.

கண்ணாடிக் குழாய் சோதனைக்கே இது பொருந்தும். இலங்கையில் இதையும் சரிபார்த்தார்கள். வழக்கமான வார்டு வேலைக்கு நடுவே செய்தபோது, ரத்தம் உறையாத 100 பேரில் சுமார் 40 பேரைத்தான் அது காட்டிக்கொடுத்தது. பயிற்சி பெற்றவர்கள் முறையாகச் செய்தபோது 80 பேருக்கு மேல் காட்டியது. சோதனை ஒன்றுதான், கைதான் வேறு. பிளாஸ்டிக் குழாயில் விட்டால் தவறும். சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயில் விட்டால் தவறும். பத்து நிமிடத்தில் பொறுமையிழந்து ஆட்டிப் பார்த்தாலும் தவறும். இதையெல்லாம் கற்றுக்கொடுக்க ஓர் அரை மணி நேரம் போதும்.

இனி குழந்தைகள் பக்கம் வருகிறேன். இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

காய்ச்சலில் துவண்டு, கை கால் ஜில்லிட்டு, நாடி வேகமாக ஓட, அதிர்ச்சி நிலை என்று நாங்கள் சொல்லும் நிலையில் ஒரு குழந்தை வந்தால் நாங்கள் என்ன செய்யக் கற்றுக்கொண்டோம்? உடனே நரம்பைப் பிடி, சலைனை வேகமாக உள்ளே தள்ளு. எடைக்குக் கிலோவுக்கு 20 மில்லி, தேவைப்பட்டால் மறுபடியும் 20. உலகம் முழுக்க இதுதான் பாடம். இந்தப் பாடத்துக்கு ஆதாரமாக அதிகம் காட்டப்பட்டவற்றில் ஒன்று, 1991-ல் வாஷிங்டனில் இருந்து வந்த ஒரு கட்டுரை. அதில் இருந்தவர்கள் 34 குழந்தைகள். குலுக்கல் கிடையாது. முதல் மணி நேரத்தில் அதிகத் திரவம் பெற்ற குழந்தைகள் அதிகம் பிழைத்தார்கள் என்று கவனித்து எழுதியது அது. உயர்தரத் தீவிர சிகிச்சைப் பிரிவு, இதயத்துக்கு அருகே செருகிய குழாய்கள், வென்டிலேட்டர் எல்லாம் அங்கே இருந்தன.

கேத்ரின் மெயிட்லண்ட் தலைமையிலான குழு இதை ஆப்பிரிக்காவில் கேட்டுப் பார்த்தது. உகாண்டாவில் நான்கு, கென்யாவில் ஒன்று, தான்சானியாவில் ஒன்று என ஆறு மருத்துவமனைகள். வென்டிலேட்டர் இல்லாத வார்டுகள். 3,141 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வேகமாகச் சலைன், ஒரு பிரிவுக்கு வேகமாக ஆல்புமின், மூன்றாவது பிரிவுக்கு வேகத் திரவம் இல்லாமல் அன்றாடத் தேவைக்கு உரிய திரவம் மட்டும். மற்ற மருந்துகள் எல்லாருக்கும் ஒன்றே. ஃபீஸ்ட் என்று பெயர் பெற்ற இந்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே அதை நிறுத்த வேண்டியதாயிற்று. 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள்: ஆல்புமின் பிரிவில் 10.6%, சலைன் பிரிவில் 10.5%, வேகத் திரவம் பெறாத பிரிவில் 7.3%.

நாம் உயிர் காப்பது என்று நினைத்துச் செய்தது, நூறு குழந்தைகளுக்கு மூன்று குழந்தைகளைக் கூடுதலாகப் பறித்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்கிறேன், எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது அதுதான். திரவம் ஏற்றிய ஒரு மணி நேரத்தில் பார்த்தால் அந்தக் குழந்தைகள் நன்றாகவே தெரிந்தார்கள். வேகத் திரவம் பெற்ற குழந்தைகளில் 43% பேருக்கு அதிர்ச்சி நிலையின் அறிகுறிகள் ஒரு மணி நேரத்தில் மறைந்தன. பெறாதவர்களில் 32% பேருக்குத்தான் மறைந்தன. அங்கே நின்ற டாக்டரின் கண் என்ன சொல்லியிருக்கும்? கை சூடாகிறது, நாடி இறங்குகிறது, பிள்ளை கண்ணைத் திறக்கிறது, சலைன் வேலை செய்கிறது என்றுதான் சொல்லியிருக்கும். பொய்யும் இல்லை, கண்ணால் கண்டதுதான். ஆனால் அதற்குப் பிறகு பல மணி நேரம் கழித்து, இன்னொரு டூட்டியில், இதயம் தளர்ந்து அந்தப் பிள்ளை போனபோது, நோயின் கடுமை என்றுதான் எல்லாரும் எழுதியிருப்பார்கள்.

நூற்றில் 7 என்பதற்கும் நூற்றில் 10 என்பதற்கும் உள்ள வித்தியாசம் எந்த மருத்துவரின் அனுபவத்துக்கும் எட்டாது. அவர் எவ்வளவு கூர்மையானவராக இருந்தாலும், எத்தனை ஆண்டு வார்டில் நின்றிருந்தாலும், கூடுதலாகப் போன அந்த மூன்று குழந்தைகள் எவர் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆயிரக்கணக்கானவர்களைக் குலுக்கல் போட்டுப் பிரித்து எண்ணினால்தான் அது தெரியும். குலுக்கல் போட்டு மருந்து கொடுப்பதா என்று பொதுமக்களில் சிலர் முகம் சுளிக்கலாம். அந்த ஆறு மருத்துவமனைகளில் குலுக்கல் போட்டதால்தான் இன்று எத்தனையோ ஊர்களில் பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள்.

சரி, இந்த முடிவை நாம் என்ன செய்வது? இரண்டு விதமான தவறுகள் நடந்தன. ஒரு சாரார், அது ஆப்பிரிக்கா, அங்கே மலேரியா, ரத்தசோகை, நமக்குப் பொருந்தாது என்று கட்டுரையை மூடி வைத்துவிட்டார்கள். இன்னொரு சாரார் சலைன் என்றாலே கையை இழுத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் வார்டைப் பார்க்கவில்லை.

உள்ளே போய்ப் பாருங்கள். அந்தக் குழந்தைகளில் பாதிக்கு மேல் மலேரியா. மூன்றில் ஒரு பங்குக்கு ஹீமோகுளோபின் 5-க்குக் கீழ். வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகளை ஆய்வில் சேர்க்கவே இல்லை. ஆகவே வாந்தி பேதியில் கண் குழிந்து வரும் பிள்ளைக்கு இந்த ஆய்வைக் காட்டித் திரவத்தை மறுத்தால் அது பெரும் தவறு. டெங்குவும் அப்படியே. டெங்கு அதிர்ச்சியில் ரத்தக் குழாய்ச் சுவர் வழியாக நீர் வெளியே கசிகிறது. அதை ஈடுசெய்தே தீர வேண்டும். என்ன திரவம் என்று கேட்டால், வியட்நாமின் ஹோ சி மின் நகரில் 383 குழந்தைகளிடம் நடத்தி 2005-ல் வெளியான ஆய்வு விடை சொல்கிறது: மிதமான அதிர்ச்சி நிலைக்கு, விலை மலிவான ரிங்கர் லாக்டேட்டே போதும். ஐப்பசி கார்த்திகையில் நம் வார்டுகள் டெங்குவால் நிறையும்போது கைகொடுக்கும் சான்று ஆப்பிரிக்காவிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை, ஹோ சி மின் நகரில் இருக்கிறது.

நம் ஊரிலேயே ஒரு முயற்சி நடந்தது என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில், கிருமித்தொற்று அதிர்ச்சியோடு வந்த 147 குழந்தைகளிடம், வேகமாக அதிகத் திரவமா, சற்று நிதானமாகவா என்று ஒப்பிட்டு 2008-ல் வெளியிட்டார்கள். உயிரிழப்பில் வித்தியாசம் தெரியவில்லை. ஃபீஸ்ட் வருவதற்கு மூன்று ஆண்டு முன்பே இது வெளிவந்துவிட்டது. சிறிய ஆய்வுதான். ஆனால் கேள்வி நம்முடையது, வார்டும் நம்முடையது.

2020-ல் குழந்தைகளுக்கான பன்னாட்டு வழிகாட்டி நூல் ஒன்று வந்தது. அதில் ஒரே நோய்க்கு வெவ்வேறு விடைகள் இருக்கின்றன. தீவிர சிகிச்சை வசதி உள்ள இடம் என்றால், முதல் மணி நேரத்தில் பார்த்துப் பார்த்துக் கிலோவுக்கு 40 முதல் 60 மில்லி வரை கொடுக்கலாம். வசதி இல்லாத இடம், ரத்த அழுத்தமும் குறையவில்லை என்றால் வேகத் திரவம் வேண்டாம். வசதி இல்லை, ஆனால் ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது என்றால் எச்சரிக்கையோடு 40 மில்லி வரை. இடத்தைக் கேட்டு விடை சொல்கிற இந்த வழிகாட்டியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது.

இதில் நம் மாவட்ட மருத்துவமனைகள் எந்தப் பக்கம் நிற்கின்றன? கொரோனாவுக்குப் பிறகு வென்டிலேட்டர் பல இடங்களுக்கு வந்துவிட்டது. ஆகவே வசதி உள்ள பக்கம் என்று சொல்லிவிடத் தோன்றும். இரவு இரண்டு மணிக்கு அந்த வென்டிலேட்டரை இயக்கத் தெரிந்தவர் யார்? ஒரு செவிலியர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார்? ஒவ்வொரு முறை திரவம் போன பிறகும் கல்லீரல் வீங்குகிறதா, நெஞ்சில் நீர் கோக்கிறதா என்று தொட்டுப் பார்க்க ஆள் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு இல்லை என்பது பதிலானால், கருவி எத்தனை இருந்தாலும் அந்த வார்டு உகாண்டா வார்டுக்குத்தான் பக்கம்.

பூச்சிமருந்து குடித்து வருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிராமப்புற மருத்துவமனையில் வேலை பார்த்த எவரும் இவர்களை மறக்க முடியாது. அவர்களைத் திட்டாமல், குற்றம் சாட்டாமல் பார்ப்பதே சிகிச்சையின் முதல் படி என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஆர்கனோபாஸ்பரஸ் வகை நஞ்சுக்கு அட்ரோபினோடு பாம் என்று நாங்கள் அழைக்கும் பிராலிடாக்சைம் போடுவது வழக்கம். நஞ்சு முடக்கிய நொதியை அது மீட்கிறது என்பது பாடம். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 200 பேரிடம் செய்த ஆய்வு 2006-ல் வந்தது. 48 மணி நேரம் தொடர்ச்சியாக அதிக அளவில் பாம் பெற்றவர்களில் 1% பேர் இறந்தார்கள், விட்டு விட்டுப் பெற்றவர்களில் 8%. எல்லாரும் மகிழ்ந்தோம். 2009-ல் இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவை மருத்துவமனைகளிலிருந்து 235 பேரின் ஆய்வு வந்தது. பாம் பெற்றவர்களில் 24.8% பேரும், பெறாதவர்களில் 15.8% பேரும் இறந்தார்கள். தீங்கு என்று அடித்துச் சொல்ல அந்த எண்ணிக்கை போதாது. ஆனால் நன்மைக்கான தடயமே இல்லை. அதிலும் வியப்பு என்னவென்றால், சில வகை நஞ்சுகளில் ரத்தப் பரிசோதனையில் நொதி மீண்டிருந்தது. நொதி மீண்டது, மனிதர் மீளவில்லை.

எது சரி என்று மாணவர்கள் கேட்பார்கள். இரண்டு ஆய்வுகளும் அந்தந்த வார்டில் கண்டதைத்தான் சொல்கின்றன. பாராமதியில் ஓரளவு சீக்கிரமாக வந்த, நடுத்தரக் கடுமையுள்ள நோயாளிகள், தீவிர சிகிச்சை வசதி நன்றாக அமைந்த மருத்துவமனை. இலங்கையில் கடுமையான நோயாளிகள், நெரிசலான பொது மருத்துவமனைகள். குடித்த மருந்தின் வகையும் வேறு, பாம் கொடுத்த அளவும் வேறு. ஆகவே பாம் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆனால் அட்ரோபினில் சந்தேகம் இல்லை, அதைக் கொடுக்கும் முறையிலும் இல்லை. வங்கதேசத்தின் சிட்டகாங் மருத்துவக் கல்லூரியில் 2012-ல் வந்த ஆய்வு: பழைய முறைப்படி அவ்வப்போது ஒரே அளவு ஊசி போட்டவர்களில் 22.5% பேர் இறந்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கி, பிறகு தொடர் சொட்டில் வைத்தவர்களில் 8%. மருந்து அதே மருந்து, விலையும் அதே விலை. இதற்குத் தேவை பக்கத்தில் நிற்கும் ஒருவர். ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெஞ்சில் களகளவென்ற சத்தம் நின்றுவிட்டதா என்று கேட்க வேண்டும். நாடி 80-க்கு மேல் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அக்குளில் கை வைத்து வியர்வை உலர்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். உலரவில்லையென்றால் அடுத்த ஊசி முந்தியதைப் போல் இரண்டு மடங்கு. அந்த முதல் அரை மணி நேரம் நோயாளியை விட்டு நகரக் கூடாது. நகரத்து மருத்துவமனையின் விலையுயர்ந்த மருந்துக்காக ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பும் முன், இந்த அரை மணி நேரத்தை நம் மருத்துவமனையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இந்த வார்டுகளில் நாங்கள் செய்த எல்லாச் சிகிச்சையையும் விட அதிக உயிரைக் காத்தது, கொடிய பூச்சிமருந்துகளைக் கடையிலிருந்தே அகற்றிய இலங்கை அரசின் தடைகள்தான். 1995 முதல் 2015 வரை அங்கே சுமார் 93,000 உயிர்கள் காக்கப்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதுவும் மருத்துவச் சான்றுதான், அமல்படுத்த வேண்டிய இடம் மட்டும் வேறு.

சாலை விபத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். டிரானெக்சாமிக் அமிலம் என்ற மலிவான மருந்து, ரத்தப்போக்கோடு வருபவர்களின் உயிரைக் காக்கும் என்பதை 40 நாடுகளில் 20,211 பேரிடம் நடந்த ஆய்வு 2010-ல் காட்டியது. இந்திய மருத்துவமனைகளும் அதில் பங்கேற்றன. காயம்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தபோது ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 5.3%, கொடுக்காதபோது 7.7%. மூன்று மணி நேரம் தாண்டிக் கொடுத்தபோது கணக்கு தலைகீழானது: கொடுத்தவர்களில் 4.4%, கொடுக்காதவர்களில் 3.1%. விபத்து எத்தனை மணிக்கு நடந்தது என்று 108 ஊழியரிடம் கேட்டுக் குறிக்காமல் இந்த ஊசியைக் கையில் எடுக்கக் கூடாது. அதே மருந்தை வயிற்றில், குடலில் ரத்தம் கசிந்து வருபவர்களுக்கும் தாராளமாகப் போடத் தொடங்கினார்கள். ரத்தப்போக்கு எங்கே இருந்தாலும் ரத்தப்போக்குதானே என்ற எண்ணம். 2020-ல் 12,009 பேரிடம் பார்த்தபோது அங்கே பலன் இல்லை. ரத்தக் குழாயில் கட்டி உண்டாவதுதான் கூடியது.

கொரோனா காலம் இன்னும் நம் எல்லாருக்கும் புண்ணாகவே இருக்கிறது. 2020 ஜூன் 16 அன்று இங்கிலாந்திலிருந்து டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து பற்றிய செய்தி வந்தது. ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதத்துக்குக் குறைந்தது. ஆக்சிஜன் பெற்றவர்களில் 26.2-லிருந்து 23.3 ஆனது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் மருந்து பெற்றோரில் 17.8%, பெறாதோரில் 14.0% பேர் இறந்தார்கள். அதாவது அவர்களுக்கு நன்மை இல்லை, தீங்கு இருக்கலாம். ஒரே கட்டுரையில், ஒரே பக்கத்தில் மூன்று வரிகள். நம் தெருக்களுக்கு வந்து சேர்ந்தது முதல் வரி மட்டும். 2021-ன் இரண்டாம் அலையில், காய்ச்சல் வந்த முதல் நாளே வீட்டில் இருந்தபடி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் ஏராளம். பலருக்குச் சர்க்கரை எகிறியது. கருப்புப் பூஞ்சை என்ற பெயரை அப்போதுதான் வீட்டுக்கு வீடு கேட்டோம். அதன் பின்னால் காரணங்கள் பல உண்டு, வரம்பில்லாத ஸ்டீராய்டும் கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் அவற்றில் முக்கியமானவை. தீவிர சிகிச்சைப் படுக்கையில் பிறந்த சான்றை வீட்டுத் திண்ணைக்கு இறக்கியதன் விளைவு அது.

அதே காலத்தில் நம் நாடு செய்த ஒரு நல்ல காரியத்தையும் மறக்கக் கூடாது. கொரோனாவிலிருந்து மீண்டவர்களின் பிளாஸ்மா கேட்டு மக்கள் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தபோது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் குலுக்கல் ஆய்வு நடத்தி, நோய் முற்றுவதையோ இறப்பையோ பிளாஸ்மா தடுக்கவில்லை என்று 2020-லேயே சொன்னது. அவ்வளவு நெருக்கடியிலும் முறையாகக் கேள்வி கேட்க நம்மால் முடியும் என்று அது காட்டியது. ஆனால் அந்தச் சிகிச்சை அரசு வழிகாட்டியிலிருந்து நீங்கியது 2021 மே மாதத்தில்தான். இடைப்பட்ட மாதங்களில் எத்தனை குடும்பங்கள் கைக்காசைச் செலவழித்து, வாட்ஸ்அப்பில் கெஞ்சி, கிடைக்கவில்லையே என்ற குற்ற உணர்வோடு வாழ்கின்றன! அவர்களுக்குச் சொல்கிறேன்: கிடைத்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. உங்கள் மேல் பிழை இல்லை.

இப்போது பொதுமக்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வு என்றதும், எங்களை என்ன சோதனை எலியாக்குகிறீர்களா என்று கேட்கிறீர்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், யார் கண்காணிக்கிறார்கள் என்று கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவும் தயங்காதீர்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பலன் உண்டா என்று யாருக்கும் தெரியாத மருந்தை, வழக்கம் என்ற பெயரில், யாரிடமும் கேட்காமல், எந்தப் பதிவேட்டிலும் எழுதாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறோமே, அதுவும் உங்கள் உடம்பில் நடக்கிற சோதனைதான். அதன் முடிவை மட்டும் யாரும் எண்ணுவதில்லை.

மாணவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ஒன்று. தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பி.ஜி. படிக்கும் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனிக் கேள்வி, ஐம்பது அறுபது நோயாளிகள், கெட்டி அட்டை, நூலக அலமாரி. ஐம்பது பேரை வைத்து நூற்றுக்கு 7-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசத்தை ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. பத்துக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ஒரே கேள்வியை, ஒரே முறையில் கேட்டால், மூன்று ஆண்டில் உலகமே படிக்கிற விடை நம் தாலுகா மருத்துவமனைகளிலிருந்து கிடைக்கும்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால் பாம்புக்கடியில்தான் தொடங்குவேன். உடனே குலுக்கல் ஆய்வு கூட வேண்டாம், முதலில் எண்ணுவோம். விஷமுறி ஏற்றும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கப் படிவம். கடித்து எத்தனை மணி நேரத்தில் வந்தார், குழாய்ச் சோதனை என்ன காட்டியது, விஷமுறிக்கு முன் என்ன ஊசி போட்டோம், முதல் ஒரு மணி நேரத்தில் ஒவ்வாமை வந்ததா, எத்தனை குப்பி ஏற்றினோம், வீட்டுக்கு எப்படிப் போனார். அவ்வளவுதான். அந்தப் படிவத்தின் மாதிரி ஒன்றை வெளியே மேசையில் வைத்திருக்கிறேன். செவிலியர் சகோதரிகள் முதலில் அதைப் பார்த்து, எந்த வரி தேவையில்லை, எது புரியவில்லை என்று அடித்துத் திருத்திக் கொடுங்கள். நள்ளிரவில் அதை நிரப்பப்போவது நீங்கள்தான்.